அப்பாவின் இடக்கைப் பக்கம்

என் ஸ்கேனரின் மூடிக்குள் ஒரு விளக்கு இருக்கிறது என்பது, அதை வாங்கி ஆறு வருடமாக எனக்குத் தெரியாது.

உட்துறைமுக வீதியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவள் நான். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை, பள்ளிக்கூட விண்ணப்பம் என்று திருகோணமலையின் பாதிக் கடதாசி என் கண்ணாடித் தட்டில் குப்புறப் படுத்து எழும்பியிருக்கிறது. அந்த மூடியின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் தட்டு உண்டு. கடதாசியை அமத்திப் பிடிக்கத்தான் அது என்று நினைத்திருந்தேன். அதை இழுத்துக் கழற்றினால் பின்னால் நீளமாக ஒரு விளக்கு. பிலிமைக் கண்ணாடியில் வைத்தால் மேலிருந்து ஒளி பாய்ச்சிப் படத்தை எடுக்கும். அப்பா செத்துப் பதினொரு நாள் கழித்து, கோபத்தில்தான் அதைக் கழற்றினேன்.

கோபம் ஒரு புத்தகத்தின் மேல். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அவருக்கு நினைவு மலர் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். தேவாரம், இறந்தவரின் வரலாறு, வம்ச வரிசை, கடைசியில் நன்றி. இரண்டாம் பக்கத்தில் அவருடைய கல்யாணப் படம் இருக்கும். அப்பாவின் மலரை மாமியின் மகன், அதாவது என் மச்சான், பொறுப்பெடுத்தார். மாமி அப்பாவின் அக்கா. எண்பது தாண்டியும் அவர் சொல்லாமல் எங்கள் குடும்பத்தில் தேத்தண்ணீர் கூடக் கொதிக்காது.

மச்சான் மாதிரிப் பக்கங்களைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். கல்யாணப் படம் இருந்தது. ஆனால் அது மாமியின் கல்யாணம். அதன் ஓரத்தில், பதினைந்து வயது அப்பா கைவிளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இதென்ன மச்சான், செத்தது மாமியோ?" என்று கேட்டேன்.

அவர் நல்ல மனிதர். நெளிந்தார். "அம்மாதான் சொன்னவ. மாமான்ரை கலியாணத்துக்குப் படமெண்டு ஒண்டும் இல்லைத்தானே. இருந்தாலும் போட ஏலாதாம்."

"ஏன் ஏலாது?"

"உங்களுக்குத் தெரியும்தானே மச்சாள்."

தெரியும். ஒன்பது வயதிலிருந்தே தெரியும். ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், நான் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரியாமல் அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள்: "அவளின்ரை கலியாணம் தாலி ஏற முன்னம் எழும்பின கலியாணம்." சபை கூடியது, ஐயர் வந்தார், மேளம் வந்தது, ஏதோ பிரச்சினை, தாலி கட்ட முன்னமே எல்லாரும் எழும்பிப் போய்விட்டார்கள், பிறகு அவள் சும்மா அவரோடு போய் இருந்துவிட்டாள். இதுதான் ஊரில் இருந்த கதை. பதிவுத் திருமணச் சான்றிதழ் எங்களிடம் இருக்கிறது, ஒரு மாதம் பிந்திய திகதியோடு. அதைக் காட்டினால் மாமி, "கடதாசியில ஆரும் எழுதலாம்" என்பார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று அம்மா சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் சட்டியோடு எறிகிற சாதி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செத்தவீட்டன்று அப்பாவைத் தூக்க முன்னம், அம்மாவின் கழுத்தில் இருந்து தாலியைக் கழற்றச் சொல்லி முதலில் சத்தம் போட்டவர் மாமிதான். ஏறவேயில்லை என்று சொன்ன தாலியை இறக்குவதற்கு அவருக்கு எவ்வளவு அவசரம்! அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடனையும் சேர்த்துத்தான் மச்சானிடம் சொன்னேன்: "படம் இருக்கு. நான் கொண்டுவாறன். இரண்டாம் பக்கத்தை வெறுமையா விடுங்கோ."

படம் இருந்தது, ஒரு பிஸ்கட் பேணிக்குள். அப்பா துறைமுகப் பட்டறையில் பிட்டராக இருந்தவர். அவரோடு வேலை செய்த, கிண்ணியா ஊர் முஸ்லிம் கூட்டாளி ஒருவரிடம் கமரா இருந்தது. திருத்த வேலைக்கு வந்த கப்பலொன்றின் மாலுமி அவருக்கு ஸ்லைட் பிலிம் சுருள்கள் கொடுத்திருக்கிறார். கொழும்பில் கழுவுவித்து, சின்னச் சின்ன அட்டைச் சட்டங்களில் திரும்பி வந்தன. சுவரில் காட்டுவதற்கு எவரிடமும் கருவி இல்லை. கடதாசியில் எடுப்பிக்கவும் இல்லை. அதனால் அப்பாவின் கல்யாணப் படத்தை நாலு பேராக இருந்து பார்த்தவர் கிடையாது. அப்பா மட்டும் எப்போதாவது ஒரு சட்டத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எனக்கும் காட்டியிருக்கிறார். நகத்தளவு இரண்டு உருவம், இரண்டு மாலை, அவ்வளவுதான் தெரியும்.

பேணிக்குள் இருபத்துமூன்று ஸ்லைடுகளும் நாலைந்து நெகட்டிவ் துண்டுகளும் இருந்தன. கடற்காற்று அவற்றை விட்டுவைக்கவில்லை. அட்டைகள் ஊதியிருந்தன. பிலிமில் பூஞ்சணம் மெல்லிய வேர் விட்டிருந்தது. ஊதுகுழலால் தூசியைத் தட்டினேன், மென்தூரிகையால் வருடினேன், தண்ணீர் படவிடவில்லை. ஸ்கேனரோடு வந்த கறுப்புத் தட்டம் ஒன்று இத்தனை காலம் பெட்டிக்குள் சும்மா கிடந்தது. அதில் ஸ்லைடுகள் இருக்க நாலு யன்னல். கல்யாணப் படங்கள் என்று அட்டையில் எழுதியிருந்தவை இரண்டே இரண்டு. அதிலும் ஒன்றில் சபை எழும்பிக் குழம்பி நிற்கும் முதுகுகள்தான். மற்றதில் அம்மாவும் அப்பாவும்.

இந்த இடத்தில் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. கடைக்கு வருகிற படங்கள் எல்லாவற்றிலும் எழுத்து முதுகில்தான் இருக்கும். பெயர், ஊர், திகதி எல்லாம் பின்பக்கம். எழுத்து மேலே, முகம் கீழே என்று வைத்தால் பிசகாது. இருபது வருடப் பழக்கம், கை தானாகச் செய்யும். ஸ்லைடையும் அப்படியே வைத்தேன். எழுதிய பக்கம் என்னைப் பார்த்தது, மற்றப் பக்கம் கண்ணாடியைப் பார்த்தது. மினுங்கும் பக்கம் கீழே இருக்கவேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதாம். கையேட்டை வாசிக்கிற சாதியும் நான் இல்லை. வாசித்திருந்தாலும், பூஞ்சணம் பிடித்த பிலிமில் எது மினுக்கம், எது மங்கல்?

நேரம் எடுத்தது. வெளியே வெயில். திருகோணமலை வீதிகளில் திரிகிற புள்ளிமான்களில் வழக்கமாக வருகிற ஒன்று கடை வாசலில் நின்று பழுதாய்ப்போன கடதாசிகளை மென்றுகொண்டிருந்தது. திரையில் கோடு கோடாகப் படம் இறங்கியது. முதலில் ஒரு மாவிலைத் தோரணம், பிறகு அப்பாவின் தலைப்பாகை, பிறகு அம்மா. அம்மாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. என் மகளை விடச் சின்னவர். நேரே கமராவைப் பார்க்கிறார். வெட்கம் மருந்துக்கும் இல்லை.

தூசி நீக்கும் வசதியை அமத்திப் பார்த்தேன். தூசியோடு அம்மாவின் மூக்குத்தியையும் அது துடைத்துவிட்டது. "நீயும் மாமியின்ரை ஆளோ" என்று ஸ்கேனரைப் பேசிவிட்டு அதை நிற்பாட்டினேன். பூஞ்சணத்தைப் புள்ளி புள்ளியாக நானே எடுத்தேன். மாலை அம்மாவின் கழுத்தை நிறைத்திருந்தபடியால் தாலி இருக்கிறதா என்று பார்க்கமுடியவில்லை. பரவாயில்லை. மணவறை, மாலை, அம்மா, அப்பா. வேறு என்ன வேண்டும்? குடும்பத்தாரின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: "படம் இல்லை என்று சொன்னவர்கள் வடிவாய்ப் பார்க்கவும்."

நுணலும் தன் வாயால் கெடும். பத்து நிமிடத்தில் மாமியின் குரற்பதிவு வந்தது.

"பிள்ளை, நீதான் வடிவாய்ப் பார். உன்ரை கொம்மா எந்தப் பக்கம் இருக்கிறா? கொப்பற்றை வலக்கைப் பக்கம். தாலி ஏறினால் பொம்பிளை எழும்பி இடக்கைப் பக்கம் மாறி இருக்கோணும். பிறகுதான் மாலை. இஞ்சை மாலை இருக்கு, ஆள் மாறேல்லை. ஏன் மாறேல்லை? தாலி ஏறேல்லை. இவ்வளவு காலமும் நான் சொன்னதுக்குச் சாட்சி இல்லாமல் கிடந்தது. நீ கொண்டந்து தந்திட்டாய். நல்லாயிரு."

எங்கள் கல்யாணங்களில் அப்படித்தான். தாலி கட்டும்வரை பெண் மாப்பிள்ளையின் வலப்பக்கம் இருப்பாள். கட்டியதும் எழும்பி இடப்பக்கம் வருவாள். அன்றிலிருந்து அவளுடைய இடம் அதுதான். இது எனக்குத் தெரியாததல்ல. என் கல்யாணத்தில் நானே மாறி இருந்தவள். கோபத்தில் இருந்த கண்ணுக்கு அது தெரியவில்லை. இப்போது பார்த்தேன். அம்மா வலப்பக்கம்தான் இருந்தார்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு நானே போய் அவல் கொடுத்திருந்தேன். அம்மாவிடம் சின்னப் போன்தான் இருக்கிறது. அவருக்கு இது தெரியாது. தெரியவிடக் கூடாது என்று நினைத்தேன். அதைவிட மோசமாக ஒன்றையும் நினைத்தேன். கதவுக்குப் பின்னால் நின்ற ஒன்பது வயசுக்காரி கேட்டது உண்மைதானோ என்று நினைத்தேன். அதற்காக எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

கடையில் இருந்து அழுவது என் குணம் இல்லை. கைக்கு வேலை வேண்டும். மிச்ச ஸ்லைடுகளை நாலு நாலாக வைத்து எடுத்துக்கொண்டே இருந்தேன். பட்டறைப் படிக்கட்டு, பேர் தெரியாத கப்பல், அப்பா சேட்டுப் போடாமல் இயந்திரத்துக்குள் தலையை விட்டபடி. பிறகு டச் பே கடற்கரை. அதைப் பார்த்ததும் ஏதோ ஒன்று உறுத்தியது. அந்தக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் கோணேசர் மலை இடது கைப் பக்கம் இருக்கும். படத்தில் அது வலது கைப் பக்கம் நின்றது. மற்றக் குடாவில் நின்று எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அடுத்த படத்தில் ஒரு வள்ளம். அதன் மூக்கில் இலக்கமும் பெயரும். ஒரு எழுத்தும் வாசிக்க ஏலவில்லை. தமிழா, சிங்களமா என்று திரையோடு மூக்கை ஒட்டிப் பார்த்தேன். தமிழ்தான். ஆனால் எல்லாம் வலமிருந்து இடமாக ஓடியது.

கிண்ணியாவுக்குப் போன் எடுத்தேன். அப்பாவின் கூட்டாளியை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"மாமா, நீங்கள் ஸ்லைட் அட்டையில எழுதினது எந்தப் பக்கம்?"

"என்ன மகள் கேள்வி இது? முன்பக்கந்தான். எழுத்து ஒங்கட கண்ணப் பாக்கோணும், அப்பதான் படம் நேர். திருப்பிப் புடிச்சா இடம் வலமாயிரும்."

"பின்னுக்கு எழுதிறேல்லையோ?"

"பின்னுக்கு எழுதுறது கடதாசிப் படத்துல. இது கண்ணாடி மாதிரி மகள், ரெண்டு பக்கமும் தெரியும்."

நெகட்டிவ் துண்டுகளில் ஓரத்தில் எண்கள் இருந்தன. திரையில் எண் நேராகத் தெரிந்தால் படமும் நேர் என்று அவற்றைச் சரியாகவே வைத்திருந்தேன். அட்டைச் சட்டத்துக்குள் போன ஸ்லைடுக்கு அந்த ஓரம் இல்லை. என் இருபது வருடக் கைப்பழக்கம் அம்மாவைத் தூக்கி மற்றப் பக்கம் வைத்திருக்கிறது.

கல்யாணப் படத்தைத் திரையில் மறுபடி திறந்தேன். முந்தானை! அம்மாவின் முந்தானை வலத்தோளில் கிடந்தது. இந்த உலகத்தில் எந்தப் பெண் சேலைத் தலைப்பை வலத்தோளில் போடுகிறாள்? வெள்ளிக்கு வெள்ளி சேலை உடுக்கிற நானும் பார்க்கவில்லை. கடைக்குப் போனால் முழுச் சேலையையும் இழுத்துப் போட்டு நூல் நூலாய்ப் பார்க்கிற மாமியும் பார்க்கவில்லை. அவரவர் பார்க்க வந்ததை மட்டும் பார்த்தோம். ஸ்லைடைத் திருப்பி வைத்தேன். எழுத்துக் கீழே. கோடு கோடாக இறங்கியது. முந்தானை இடத்தோளுக்கு வந்தது. அம்மா அப்பாவின் இடக்கைப் பக்கம் வந்தார். நான் கடைக்குள் தனியாக நின்று கைதட்டினேன். வாசலில் நின்ற மான் வெருண்டு வீதியைக் கடந்து போனது.

கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் உப்புவெளி வீட்டுக்குப் பறந்தேன். குழுவுக்கு அனுப்ப வேண்டிய செய்தியை வழி முழுக்க வாய்க்குள் எழுதினேன். முதலில் அம்மாவுக்குக் காட்டவேண்டும், பிறகு உலகத்துக்கு.

அம்மா பின் விறாந்தையில் கதிரையைப் போட்டு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன். மாமியின் குரலை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கிச் சொன்னேன். கடைசியில் கடதாசியில் எடுத்த படத்தை மடியில் வைத்தேன்.

"பாருங்கோ. இடப்பக்கம். தாலி ஏறிட்டுது. இனி ஆர் என்ன கதைக்கிறது?"

அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். அப்பாவின் முகத்தில் ஒரு விரலை வைத்தார். பிறகு சிரித்தார். அப்பா செத்த பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தாலி ஏறேல்லை, பிள்ளை."

எனக்கு விளங்கவில்லை.

"அப்ப ஏறேல்லை. தாலி அங்கை இருந்தால்தானே ஏற?"

அம்மா சொன்னது இதுதான். சபைக்கு ஆசி வாங்கத் தாலியைத் தேங்காயோடு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டு போவார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிடுவார்கள். அன்றைக்குத் தாம்பாளத்தைக் கொண்டு போனவர் மாப்பிள்ளையின் அக்கா, எங்கள் மாமி. தன் புருஷனின் தங்கையை அப்பாவுக்குக் கட்டிவைக்க நினைத்திருந்தவர் அவர். தம்பி கிளிவெட்டியில் வயல்காரர் வீட்டுப் பெண்ணைக் கேட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் வந்தார், பட்டுடுத்தி வந்தார். தாம்பாளத்தோடு முதல் வரிசையைச் சுற்றினார், இரண்டாம் வரிசையைச் சுற்றினார், கடைசி வரிசையில் தாம்பாளத்தை வைத்துவிட்டு வெளியே நின்ற காரில் ஏறிப் போய்விட்டார். தாம்பாளம் மணவறைக்குத் திரும்பி வந்தது. அதில் தேங்காய் இருந்தது, தாலி இல்லை.

"ஐயர் பாத்தார். மேளகாரர் பாத்தினம். சனம் குசுகுசுத்துது. நேரம் போகுது எண்டாங்கள். ஒவ்வொருத்தரா எழும்பிப் போச்சினம். கொப்பர் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தார். கமராக்காரர் மட்டும் தூணுக்குப் பக்கத்தில நிண்டார். அவருக்கு எங்கடை முறை ஒண்டும் தெரியாது, பாவம். 'இன்னும் ஒரு படத்துக்குப் பிலிம் இருக்கு, எடுக்கவோ' எண்டு கேட்டார். நான் யோசிச்சன். எழும்பினன். அவற்றை இடப்பக்கம் போய் இருந்தனான். 'மாலையைப் போடுங்கோ' எண்டு சொன்னன். போட்டார். நானும் போட்டன். 'இப்ப எடுங்கோ' எண்டன்."

"தாலி இல்லாமலோ?"

"ஒரு கிழமை கழிச்சு அவர் புதுசு செய்விச்சுக் கொண்டந்து கோயில் வாசலில கட்டினவர். ஆரும் இல்லை. அது அவற்றை ஆசைக்கு. நான் இடப்பக்கம் போய் இருந்த அண்டைக்கே அவற்றை பெஞ்சாதியா இருந்திட்டன்."

எனக்கு முதலில் வந்தது அப்பாவின் மேல் கோபம். செத்த மனிதரில் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் பட்டேன். அக்கா என்ன செய்தாள் என்று தெரிந்தும், ஆயுள் முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. அக்காவின் மானத்தைக் காப்பாற்ற அம்மாவின் மானத்தை ஊர் மெல்ல விட்டுவிட்டார். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

"அவர் சொல்ல வெளிக்கிட்டவர். நான்தான் வேண்டாமெண்டனான்," என்றார். "சண்டை பிடிச்சு வாங்கிற இடமில்லை அது."

"சரி, இப்ப நான் சொல்லுறன். இடப்பக்கம் இருக்கிறா, தாலி ஏறிட்டுது எண்டு படத்துக்குக் கீழ எழுதப்போறன். மாமி மறுக்கட்டும் பாப்பம். மறுத்தால் எப்பிடித் தெரியும் எண்டு கேப்பன்."

"பொய் எழுதாதை."

"அவ மட்டும் பொய் சொல்லலாமோ?"

"அவ பொய் சொல்லேல்லை, பிள்ளை. தாலி ஏறேல்லை எண்டது உண்மைதான். ஏன் ஏறேல்லை எண்டதை மட்டும் விட்டிட்டா." அம்மா படத்தை என்னிடம் நீட்டினார். "படத்தைப் போடு. பெரிசாப் போடு. கீழ ஒண்டும் எழுதாதை."

மச்சானுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. திருத்திய படத்தைக் குழுவிலும் போடவில்லை. எல்லாரும் நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்திருப்பார்கள். இரண்டாம் பக்கத்தில் மாமியின் கல்யாணப் படத்தோடேயே மலர் அச்சாகியது. ஆனால் அச்சகத்தில் அடித்த தாள்களை மடித்து ஊசி குத்துகிற வேலை என்னுடையது. எங்கள் குடும்பத்தில் ஊசி குத்தும் பெரிய இயந்திரம் என் கடையில்தான் இருக்கிறது. அதனால் யாரும் கேட்காமலே தாள் கட்டுகள் என்னிடம் வந்தன. முந்நூறு மலர்.

நடுப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பித் தேடவேண்டும். நடுப்பக்கம் தேடத் தேவையில்லை. ஊசி இருக்கிற இடத்தில் புத்தகம் தானாக விரியும். நல்ல தடித்த மினுக்கக் கடதாசியில் அம்மாவையும் அப்பாவையும் இரண்டு பக்க அகலத்துக்கு முந்நூறு தரம் அடித்தேன். மடிப்பு இருவருக்கும் நடுவில் விழாமல், அப்பாவுக்கு அப்பால் தோரணத்தில் விழும்படி பார்த்துக்கொண்டேன். மூக்குத்தி தெரிகிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்தேன். நிறம் கெட்டுப்போன ஏழெட்டை மானுக்குப் போடாமல் எரித்தேன்.

முப்பத்தோராம் நாள் உப்புவெளி வீட்டில் சனம் நிறைந்திருந்தது. கிண்ணியாவில் இருந்து மாமாவும் வந்து வெளியே பந்தலில் இருந்தார். பூசை முடிந்ததும் மலர் கொடுக்கத் தொடங்கினேன். மாமிக்கு நானே கொண்டு போனேன். நடு மண்டபத்துக் கதிரையில், தோற்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வாங்கினார். மடியில் வைத்ததும் புத்தகம் நடுவில் விரிந்தது.

மண்டபம் முழுக்கப் புத்தகங்கள் அதே பக்கத்தில் விரிந்துகொண்டிருந்தன. "முந்தி வந்த படத்தில மற்றப் பக்கமெல்லே இருந்தவ?" என்று யாரோ கேட்டார்கள். "அது நான் பிலிமைத் திருப்பி வைச்ச பிழை. சேலைத் தலைப்பைப் பாருங்கோ, விளங்கும்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். பெண்கள் முதலில் சிரித்தார்கள். "ஓமடி, முந்தானை!" என்றார் ஒருவர்.

மாமி சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முந்தானையைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது அவர் காரில் போய்க்கொண்டிருந்தவர். தான் போன பிறகு மணவறையில் என்ன நடந்தது என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். அவருடைய வாய் தன்பாட்டில் சொன்னது:

"இவள் தானாப் போயெல்லே இருந்திருக்கிறாள்."

சத்தமாகவே சொன்னார். மச்சான் தலையை நிமிர்த்தினார்.

"இடப்பக்கம் எண்டால் தாலி ஏறினதெண்டுதானே அம்மா நீங்கள் சொன்னனீங்கள்?" என்று கேட்டார். "தானாப் போய் இருந்தவ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மாமி தோற்பையின் வாரைக் கைகளால் இறுக்கிப் பிடித்தார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தாம்பாளம், தேங்காய், கார் எல்லாம் வந்து நின்றன. சொல்லியிருப்பேன். அதற்குள் அம்மா குசினியில் இருந்து வந்தார். வெள்ளைச் சேலை, கையில் பாயாசக் கிண்ணம். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அம்மா கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, மாமிக்கு எதிரே வந்து நின்றார்.

"ஓம் மச்சாள்," என்றார். "தானாத்தான் போய் இருந்தனான். நீங்கள் தாலி கொண்டு வருமட்டும் பாத்துக்கொண்டிருந்தால், இண்டைக்கும் அங்கைதான் இருந்திருப்பன். வாங்கோ, இலை போட்டாச்சு."